நாட்குறிப்பு வேந்தர் ஆனந்தரங்கப் பிள்ளை



உங்கள் வீட்டில் ஒரு பழைய தகரப் பெட்டி இருக்கிறதா? அதில் என்னென்ன காகிதம் கிடக்கிறது என்று என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? பெட்டியைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் காகிதத்தால் அழியாப் புகழ் பெற்ற ஒரு தமிழரின் வரலாற்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ஆம் ஆண்டு சென்னைப் பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை. மாமன் நைனியப்பப் பிள்ளை அழைத்ததன் பேரில் குடும்பம் புதுச்சேரிக்குக் குடியேறியது. அங்கே பிரெஞ்சுக் கம்பெனி வணிகம் நடத்தி வந்தது. அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் கனடாவின் பனிக்காடுகளிலே விலங்குத் தோல் வாங்கினார்கள். நம் தமிழ்க் கரையிலே துணி வாங்கினார்கள். அவர்களுக்கும் நம் மக்களுக்கும் நடுவே நின்று பேசிக் காரியம் முடிப்பவருக்குத் துபாஷி என்று பெயர்.

அந்தப் பதவி பஞ்சு மெத்தையல்ல. துபாஷியாக இருந்த நைனியப்பரையே கவர்னர் ஒருவர் குற்றம் சாட்டிச் சிறையில் தள்ளினார். 1717-இல் அவர் சிறையிலேயே உயிர் விட்டார். பிறகுதான் அவர் மேல் இருந்த பழி நீங்கியது. போன உயிர் திரும்பி வருமா, சொல்லுங்க! எட்டு வயதுப் பையனாக இந்தத் துயரைக் கண்டவர் நம் பிள்ளை.

வளர்ந்த பின் பரங்கிப்பேட்டையில் கம்பெனியின் துணி வேலையை மேற்பார்த்தார். சொந்த வணிகமும் செய்தார். ஆனந்தப்புரவி என்ற பெயரில் கப்பலே வைத்திருந்தார். 1742-இல் துய்ப்ளெக்ஸ் கவர்னராக வந்தார். சில ஆண்டுகளில் பிள்ளை அவருடைய தலைமைத் துபாஷியானார்.

ஆனால் அவர் பெயர் இன்றும் நிற்பது செல்வத்தாலா? பதவியாலா? இல்லை. 1736 செப்டம்பரில் ஒரு நாள் அவர் எழுத உட்கார்ந்தார். அன்று முதல் ஏறக்குறைய 25 ஆண்டுகள் எழுதினார். வந்த கப்பல், போன கப்பல், துணி விலை, புயல் மழை, கல்யாணம், கோள்நிலை, கவர்னர் மனைவியின் சூழ்ச்சி, 1746-இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமானது, 1748-இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோது ஊரார் பட்ட வேதனை, எல்லாவற்றையும் எழுதினார். எந்த நடையில் தெரியுமா? பண்டிதர் நடையில் இல்லை. ஊரில் சனங்கள் எப்படிப் பேசினார்களோ அப்படியே எழுதினார். எழுத வராது என்று கூச்சப்படும் பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1754-இல் துய்ப்ளெக்ஸ் நாடு திரும்பினார். பிள்ளையின் செல்வாக்கும் சரிந்தது, பதவியும் போயிற்று, உடம்பும் தளர்ந்தது. எழுத்து மட்டும் நிற்கவில்லை. 1761 ஜனவரியில் அவர் காலமானார். அதே மாதத்தில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. கோட்டை தரைமட்டமானது.

ஏடுகள் என்ன ஆயின? குடும்பத்தார் வைத்திருந்தார்கள். 1846-இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் பார்த்து வியந்து பிரதி எடுக்கும் வரை, 85 ஆண்டுகள் அவை வீட்டோடு கிடந்தன. இடையில் சில ஏடுகள் தொலைந்தும் போயின. எஞ்சியவை 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வந்தன. தமிழிலும் அச்சேறின. அக்காலத் தென்னிந்தியாவை ஆராய்கிறவர்கள் இன்றும் அந்தத் தமிழர் வீட்டுக் காகிதத்தைத்தான் தேடிப் போகிறார்கள்.

இனி நம் பெட்டிக்கு வருவோம். நம் கெடாவை அன்று கடாரம் என்றார்கள். இராசேந்திர சோழன் இங்கே கப்பற்படை அனுப்பியதைக் கல்வெட்டு சொல்கிறது. அரசர்களுக்குக் கல் இருந்தது. பால் மரம் வெட்டிய நம் பாட்டன்மார்களுக்குக் காகிதம்தானே உண்டு?

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். தோட்டத்து லயத்தை விட்டு வெளியேறியபோது, தாத்தாவின் பெட்டியில் கிடந்ததைப் பூச்சி அரித்த குப்பை என்று போகி நெருப்பில் போட்டோம். தாத்தா கப்பல் ஏறி வந்த சீட்டும், பழைய சம்பளச் சீட்டுகளும் அதோடு சாம்பலாயின. பிறகு அப்பா பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். நான்கு ஆண்டுகள் படியேறி இறங்கினோம். பாட்டி அழுததை நான் மறக்கவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? படித்த நானும்தானே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்!

ஆகவே பெற்றோர்களே, பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, பழைய அடையாள அட்டை, படம் எதையும் எறியாதீர்கள். வெள்ளமும் கறையானும் எட்டாத உயரத்தில், பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

மாணவச் செல்வங்களே! இன்று உங்களில் பலர் பரிசாக நோட்டுப் புத்தகம் வாங்கப் போகிறீர்கள். வீட்டுக்குப் போனதும் தாத்தா பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்தத் தோட்டத்தில் பிறந்தோம் என்று கேளுங்கள். அவர்கள் சொன்னபடியே முதல் பக்கத்தில் எழுதுங்கள். மேலே இன்றைய தேதியைப் போட மறக்க வேண்டாம்.