மண்ணை நம்பிய மனிதர் ஜான் மெக்காடம்



சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதே மாதிரி தரை இருந்தால்தான் ரோடு போட முடியும். இதைத் தன் வாழ்நாள் முழுக்க உலகத்துக்குச் சொன்ன ஒருவரின் கதையைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன். அவர் இறந்து 180 வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அவர் பேரை நம்ம ஊரில் தினமும் யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். யார் அவர்?

அவரைத் தேடிய காரணம்

என் அப்பா கொத்தனார். வீட்டு வாசலிலும் கார் நிறுத்துகிற இடத்திலும் பேவர் பிளாக் பதிக்கிற வேலையும் செய்வார். போன வருடம் ஆடி மாதம் ஒரு புது வீட்டில் கேட்டிலிருந்து போர்டிகோ வரைக்கும் கல் பதிக்கக் கூப்பிட்டார்கள். அந்த இடம் முன்னாடி வயலாக இருந்தது. கீழே களிமண். ஒரு அடி தோண்டி எடுத்துவிட்டு, கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இடித்த பிறகுதான் கல் பதிக்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. புதுமனை புகுவிழாவுக்கு நாள் இல்லை, மண்ணுக்குள் போகிற செலவு யார் கண்ணுக்குத் தெரியும் என்பது அவர் எண்ணம். மணலைப் பரப்பி மேலேயே கல் பதித்தார்கள். விழாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்களாம்.

ஐப்பசி மழை வந்தது. கார் சக்கரம் போகிற இரண்டு வரிசையும் அப்படியே அமுங்கிவிட்டது. நடுவில் மட்டும் மேடு. பள்ளத்தில் தண்ணீர் குட்டை. அப்பாவுக்கு வர வேண்டிய பாக்கிக் கூலி வரவில்லை. கெட்ட பேர் மட்டும் வந்தது.

அன்று ராத்திரி அப்பா அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது, அடியில் மெக்காடம் போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றார். அது என்ன என்று கேட்டேன். ஜல்லி போட்டு ரோலர் ஓட்டுவதற்கு அதுதான் பேர் என்றார். ஏன் அந்தப் பேர் என்று அவருக்கும் தெரியவில்லை. பிறகு நூலகப் புத்தகத்தில் தேடிப் படித்தேன். அது ஒரு மனிதரின் பேர்! வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா நம்பவே இல்லை. இருபது வருடமாகச் சொல்லிவந்த வார்த்தை ஒரு ஆளின் பேரா என்று சிரித்தார்.

பிறப்பும் இளமையும்

ஜான் லௌடன் மெக்காடம் 1756-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டில் ஏர் என்ற ஊரில் பிறந்தார். (நாம் உழுகிற ஏர் இல்லை, அந்த ஊரின் பேரே அதுதான்!) வீட்டில் பத்துப் பிள்ளைகள். அவர்தான் கடைக்குட்டி. 1770-இல் அப்பா இறந்துபோனார். அப்போது ஜானுக்கு 14 வயது. அதாவது, இப்போது என் வயது. அந்த வயதில் கப்பல் ஏறி அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் வியாபாரம் செய்துகொண்டிருந்த சித்தப்பா வீட்டுக்குப் போனார். அங்கேயே தொழில் கற்றுக்கொண்டு நல்லா சம்பாதித்தார்.

அப்போது அமெரிக்க விடுதலைப் போர் நடந்தது. மெக்காடம் ஆங்கிலேயர் பக்கம் இருந்தார். ஆங்கிலேயர் தோற்றுப்போனதால் அவருடைய சொத்தில் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சம் இருந்த பணத்தோடு 1783-இல் சொந்த நாட்டுக்கே திரும்பினார். அங்கே ஒரு பண்ணை வாங்கிக் குடியேறினார்.

ரோட்டுப் பைத்தியம்

அந்தக் காலத்தில் அங்கே டோல்கேட் ரோடுகள் இருந்தன. வண்டிக்காரர்களிடம் காசு வாங்கி, அந்தக் காசில் ரோட்டைப் பராமரிக்க ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து குழு அமைப்பார்கள். அப்படி ஒரு குழுவில் மெக்காடமும் உறுப்பினர் ஆனார். ரோட்டைப் பார்த்தால் காசு வாங்க வெட்கமாக இருக்கும்! மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. பள்ளம் விழுந்தால் கையில் கிடைத்த கல்லையும் மண்ணையும் அள்ளிப் போட்டு மூடுவார்கள். அடுத்த மழைக்கு மறுபடியும் பள்ளம்.

இது ஏன் இப்படி ஆகிறது என்ற கேள்வி மெக்காடத்தை விடவே இல்லை. அவர் இன்ஜினியர் படிப்பு படித்தவர் இல்லை. ஆனால் கண்ணால் பார்த்துப் படித்தார். பிறகு இங்கிலாந்துக்குக் குடிபோய், கடற்படைக்கு உணவுப் பொருள் வாங்கித் தருகிற வேலை பார்த்தபோதும் இந்த யோசனை போகவில்லை. கைக்காசைச் செலவழித்து ஊர் ஊராகப் போனார். எந்த ரோடு நிற்கிறது, எது உடைகிறது, அடியில் என்ன மண், பக்கத்தில் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தார். இப்படிச் சுமார் 30,000 மைல் தூரம் பயணம் செய்தார். பார்த்தவர்கள் இவரை ரோட்டுப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

கண்டுபிடித்த உண்மை

அப்போது இருந்த பெரிய இன்ஜினியர்கள் எல்லாரும் ரோட்டுக்கு அடியில் பெரிய பெரிய கல்லை அடுக்கி அஸ்திவாரம் போட வேண்டும் என்றார்கள். பிரான்சில் திரெசாகே, இங்கிலாந்தில் தாமஸ் டெல்ஃபோர்டு இருவரும் அப்படித்தான் போட்டார்கள். ரோடு நல்லாத்தான் இருந்தது. ஆனால் செலவு மிக அதிகம்.

மெக்காடம் வேறு மாதிரி யோசித்தார். வண்டியின் பாரத்தை உண்மையில் தாங்குவது மேலே இருக்கிற கல் இல்லை, அடியில் இருக்கிற மண். அந்த மண் காய்ந்து இருந்தால் எவ்வளவு பாரத்தையும் தாங்கும். ஈரமானால் ஒன்றும் தாங்காது. அதனால் கல்லின் வேலை மண்ணுக்குக் கூரை போடுவதுதான். இதுதான் அவர் கண்டுபிடிப்பு.

இது நமக்குப் புரியாத விஷயமா? நம்ம மணிமங்கலம் ஏரியை நினைத்துப் பாருங்கள். சித்திரை மாதம் காய்ந்து கிடக்கிற இடத்தில் சைக்கிள் ஓட்டலாம், டிராக்டர்கூட போகும். கார்த்திகையில் அதே இடத்தில் காலை வைத்தால் முழங்கால் வரைக்கும் உள்ளே போகும். மண் அதே மண்தான், தண்ணீர்தான் வித்தியாசம்!

அவர் ரோடு போட்ட முறை

1. முதலில் பக்கத்து நிலத்தை விட ரோட்டை உயரமாக அமைக்க வேண்டும். இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியே அனுப்ப வேண்டும்.

2. அடிமண்ணைச் சமன் செய்து, நடுவில் கொஞ்சம் மேடாக வைக்க வேண்டும். 30 அடி அகல ரோட்டுக்கு நடுவில் 3 அங்குல உயரம் போதும் என்றார். அதிகம் சரித்தால் வண்டிகள் எல்லாம் நடுவிலேயே ஓடும், அங்கேயே தேயும்.

3. அதன் மேல் 8 அங்குலக் கனத்துக்கு உடைத்த கல். ஒரு கல்லும் 3 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மொத்தமாகக் கொட்டாமல் பரப்பிப் பரப்பிப் போட வேண்டும்.

4. மேலே 2 அங்குலக் கனத்துக்கு இன்னும் சின்னக் கல். இது நம்ம முக்கால் ஜல்லி அளவுதான். அன்றைய வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை 4 அங்குல அகலம். கல் அதைவிடச் சின்னதாக இருந்தால்தான் சக்கரம் கல்லைப் பெயர்க்காது, அமுக்கும்.

5. ஜல்லியோடு மண்ணைக் கலக்கக் கூடாது. மண் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். உடைத்த கல்லுக்கு மூலை இருக்கும். அந்த மூலைகள் ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொண்டு இறுகிவிடும். உருண்டைக் கல்லால் இது முடியாது.

கல் அளவைப் பார்க்க மேஸ்திரிகள் தராசு வைத்திருந்தார்கள். ஒரு கல் 6 அவுன்ஸ், அதாவது சுமார் 170 கிராமுக்கு மேல் போகக் கூடாது. தராசு இல்லாத இடத்தில் கல் உடைப்பவர் அதைத் தன் வாயில் வைத்துப் பார்ப்பாராம், வாய்க்குள் போனால் சரியான அளவு என்று ஒரு கதையும் சொல்கிறார்கள். (யாரும் செய்து பார்க்காதீர்கள்!)

இன்னொரு விஷயம் என் மனதைத் தொட்டது. சின்னச் சுத்தியலால் உட்கார்ந்தே உடைக்கலாம் என்பதால் பெண்களும் வயதானவர்களும் சிறுவர்களும்கூட அந்த வேலை செய்தார்கள். நாம் பாராட்டுகிற நல்ல ரோடுகளுக்கு அடியில் அவர்கள் கை உழைப்பு இருக்கிறது. அவர்கள் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

புகழும் எதிர்ப்பும்

1816-இல் பிரிஸ்டல் நகரப் பகுதி ரோடுகளுக்கு அவர் தலைமை அதிகாரி ஆனார். அப்போது அவருக்கு 60 வயது. நம்ம ஊரில் ரிட்டயர்டு ஆகிற வயதில் அவர் தன் உண்மையான வேலையைத் தொடங்கினார்! கெட்டுப்போன ரோடுகளைக் கொத்திக் கிளறி, அதிலிருந்த பெரிய கல்லையே எடுத்து உடைத்து மறுபடியும் பரப்பினார். புதுக் கல் வாங்குகிற செலவு குறைந்தது. குதிரை வண்டிகள் வேகமாக ஓட ஆரம்பித்தன.

1819-இல் பாராளுமன்றக் குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. அதே வருடம் ரோடு அமைப்பதைப் பற்றி அவர் எழுதிய புத்தகமும் வெளிவந்தது. எதிர்ப்பும் இருந்தது. பெரிய கல் அஸ்திவாரம் இல்லாத ரோடு நிற்காது என்று சிலர் வாதாடினார்கள். மகன்களுக்கும் ரோட்டு வேலைகள் கிடைத்ததால் குடும்பமே சம்பாதிக்கிறது என்றும் குறை சொன்னார்கள். ஆனாலும் அவர் முறை பரவியது. 1823-இல் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் இந்த முறையில் ரோடு போட்டார்கள். சிறுவனாகக் கப்பல் ஏறிப் போன நாட்டுக்கு இப்போது அவர் பேர் மட்டும் போனது. 1827-இல் அரசாங்கம் அவரை ரோடுகளுக்கான தலைமை சர்வேயராக நியமித்தது. வயதாகிவிட்டது என்று சர் பட்டத்தை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. 1834-இல் அது அவர் மகன் ஜேம்ஸுக்குக் கொடுக்கப்பட்டது.

வருடா வருடம் ஸ்காட்லாந்துக்குப் போய் வருவது அவர் வழக்கம். அப்படிப் போய்த் திரும்பும் வழியில் 1836 நவம்பர் 26 அன்று மாஃபட் என்ற ஊரில் காலமானார். வயது 80. ரோட்டுக்காக வாழ்ந்தவர் பயணத்திலேயே கண் மூடினார்.

உங்களுக்குத் தெரியுமா?

★ மெக்காடம் போட்ட ரோட்டில் தார் கிடையாது! மோட்டார் வண்டிகள் வந்து புழுதி கிளம்பிய பிறகு, 1902-இல் ஹூலி என்பவர் கல்லோடு தார் கலக்கும் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

★ மெக்காடம் இறந்த அடுத்த வருடம், 1837-இல், நம்ம சென்னைக்குப் பக்கத்தில் செங்குன்றத்தில் ஒரு ரயில் ஓடியது. இந்தியாவின் முதல் ரயில் அதுதான் என்கிறார்கள். அது ஆட்களை ஏற்ற இல்லை, சென்னையில் ரோடு போடக் கல் ஏற்றத்தான்!

★ ரோட்டு வேலை நடக்கும்போது டபிள்யூ.பி.எம். என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், கடைசி எழுத்து எம் என்பது இந்த மெக்காடம்தான். ஜல்லி பரப்பி, கல் தூளும் தண்ணீரும் விட்டு, ரோலர் ஓட்டி இறுக்குவதற்கு அந்தப் பேர்.

நான் கற்றுக்கொண்டது

வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டில் ஒரகடம் கம்பெனிகளுக்குக் கன்டெய்னர் லாரிகள் போவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு பாரமும் கடைசியில் மண்ணின் தலையில்தான் இறங்குகிறது. ஒரு வீட்டு வாசலில் நிற்கிற சின்னக் காருக்கும் அதே கணக்குதான். களிமண்ணைத் தோண்டி எடுக்கணும். கிராவலையோ ஜல்லியையோ கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஒவ்வொரு முறையும் இடிக்கணும். தண்ணீர் வீட்டுப் பக்கம் வராமல் வெளியே ஓடச் சரிவு வைக்கணும். ஓரம் நகராமல் கல் கட்டணும். அதற்குப் பிறகுதான் மணல், பேவர் பிளாக் எல்லாம். கலரும் டிசைனும் கடைசி விஷயம்.

இப்போது என் அப்பா அடித்தரை வேலைக்கு ஒத்துக்கொண்டால்தான் கல் பதிக்க ஒத்துக்கொள்கிறார். அதனால் பொங்கலுக்கு முன்னாடி ஒரு வேலை கைவிட்டுப் போனது. வேறு ஒருவர் குறைந்த விலைக்கு ஒத்துக்கொண்டார். வீட்டில் கொஞ்சம் கஷ்டம்தான். அம்மாவுக்கு வருத்தம். ஆனால் தை மாதம் அப்பா செய்த ஒரு வாசலை நானும் போய்ப் பார்த்தேன். நான்கு நாள் தரையை மட்டுமே தயார் செய்தார், ஒரே நாளில் கல் பதித்து முடித்துவிட்டார். அந்த நான்கு நாள் வேலை இப்போது யார் கண்ணுக்கும் தெரியாது. இந்த ஐப்பசி மழைக்குத் தெரியும்.

தோழிகளே, தோழர்களே! அடுத்த முறை நல்ல ரோட்டில் சைக்கிள் ஓட்டும்போது, அடியில் இருக்கிற மண்ணையும், அதைத் தயார் செய்தவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி