சிறார் உயிர் காத்த டாக்டர் பேண்டிங்

தண்ணீர் குடித்துக் குடித்தும் தாகம் அடங்காது. அடிக்கடி சிறுநீர் கழியும். உண்ட உணவு உடலில் ஒட்டாது. நாளுக்கு நாள் உடல் இளைத்து, முடிவில் நினைவு தப்பும். நூறாண்டுகளுக்கு முன்பு நீரிழிவு கண்ட குழந்தை பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் இறந்துபோகும். அன்றைய மருத்துவர்கள் அறிந்த ஒரே வழி உணவைக் குறைக்கும் பட்டினிச் சிகிச்சைதான். அது சாவைச் சில காலம் தள்ளிப்போடும், தடுக்காது. இக்கொடுமைக்கு முடிவு கட்டியவர்களுள் முதல்வர் கனடா நாட்டு மருத்துவர் பிரடரிக் பேண்டிங் ஆவார்.

இவர் 1891 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆம் நாள் ஒன்டாரியோ மாநிலத்தில் அலிஸ்டன் என்னும் ஊரருகே உழவர் குடும்பத்தில், ஐந்து மக்களுள் இளையவராகப் பிறந்தார். டொராண்டோவில் முதலில் கலைப்பிரிவில் சேர்ந்தார், முதலாண்டிலேயே தவறினார். பின்னர் மருத்துவம் பயின்று, முதல் உலகப் போரில் படை மருத்துவராகப் பணியாற்றி, 1918 இல் கையில் காயமுற்றார். வீரப் பதக்கமும் பெற்றார். 1920 இல் லண்டன் என்னும் கனடா நகரில் மருத்துவமனை தொடங்கினார். முதல் மாத வருவாய் வெறும் 4 டாலர். வறுமை தாங்காமல் அங்கிருந்த கல்லூரியில் பகுதிநேர ஆசிரியரானார்.

அந்த ஆசிரியப் பணியே அவர் வாழ்வைத் திருப்பியது. 1920 அக்டோபர் இறுதியில் ஓரிரவு, மறுநாள் பாடத்திற்காகக் கணையம் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் பொருள் கணையத்திலுள்ள லாங்கர்ஹான்ஸ் திட்டுகளில் சுரக்கிறது என்று அறிஞர்கள் கருதினர். அதைப் பிரித்தெடுக்க முயன்றவர்கள் பயன்தரும் மருந்தாக அதை ஆக்க முடியவில்லை. கணையத்தின் நாளத்தைக் கட்டிவிட்டால் செரிமான நீர் சுரக்கும் பகுதி அழியும், திட்டுகள் மட்டும் எஞ்சும் என்ற எண்ணம் நள்ளிரவில் அவருக்குத் தோன்றியது. நாளத்தைக் கட்டாமலே அப்பொருளை எடுக்கலாம் என்பது பின்னர் தெரிந்தது. ஆனால் அந்த எண்ணமே அவரை ஆய்வுக்கூடத்திற்கு இட்டுச் சென்றது.

டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மக்லியாட் ஆய்வுக்கூடமும், நாய்களும், பெஸ்ட் என்ற மாணவரின் துணையும் தந்தார். 1921 மே மாதம் ஆய்வு தொடங்கியது. கணையம் நீக்கப்பட்ட நாய்களின் இரத்தச் சர்க்கரை அவர்கள் எடுத்த சாற்றினால் குறைந்தது.

1922 சனவரி 11 ஆம் நாள், சாகும் தறுவாயிலிருந்த லியனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அச்சாறு ஊசிமூலம் செலுத்தப்பட்டது. அவன் எடை ஏறத்தாழ 30 கிலோ. முதல் ஊசி பெரும்பயன் தரவில்லை. ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டியே வந்தது. காலிப் என்ற வேதியியலறிஞர் அல்லும் பகலும் முயன்று சாற்றைத் தூய்மைப்படுத்தினார். சனவரி 23 ஆம் நாள் மீண்டும் ஊசி போட்டனர். சர்க்கரை இறங்கியது; சிறுவன் பிழைத்தான். அதன்பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அதே ஆண்டில் பேண்டிங்கிடம் வந்த எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி 1981 வரை வாழ்ந்தார்.

இன்சுலின் உரிமத்தைப் பேண்டிங்கும் துணைவர்களும் ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுப் பல்கலைக்கழகத்திற்கே எழுதிக்கொடுத்தனர். 1923 இல் நோபல் பரிசு பேண்டிங்கிற்கும் மக்லியாடுக்கும் கிடைத்தபோது, பெஸ்ட் விடப்பட்டதற்காகப் பேண்டிங் சினந்து, தம் தொகையில் பாதியை அவருக்களித்தார். சினமும் பிடிவாதமும் மிக்கவர். எனினும் பொருளாசை இல்லாதவர். 1941 பிப்ரவரியில் நியூபவுண்ட்லாந்தில் விமான விபத்தில் மறைந்தார்.

இன்சுலின் இந்நோயை அடியோடு நீக்குவதன்று. சிறாருக்குப் பெரிதும் வரும் முதல்வகை நீரிழிவில், உடலின் எதிர்ப்பாற்றலே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இனிப்புத் தின்றதால் இது வருவதில்லை, பெற்றோர் தவறுமன்று, தொற்றும் நோயுமன்று. நாள்தோறும் இன்சுலின் வேண்டும். இரத்தச் சர்க்கரையைச் சோதித்து, உணவுக்கும் விளையாட்டுக்கும் ஏற்ப அளவை அமைக்க வேண்டும். காய்ச்சலென்றோ, வேறு மருந்தை நம்பியோ தாமாக ஊசியை நிறுத்தினால் உயிருக்கே கேடு. வியர்த்து, கை நடுங்கி, தடுமாறினால் சர்க்கரை குறைந்துவிட்டதென்றறிந்து, உடனே குளுக்கோசோ சர்க்கரைத் தண்ணீரோ தரவேண்டும். நினைவிழந்த குழந்தையின் வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

நம்மில் பலர் நாளை ஆசிரியராவோம். அடிக்கடி தண்ணீர் குடிக்கவும் வெளியே செல்லவும் அனுமதி கேட்கும் மெலிந்த மாணவனைக் கடிந்துகொள்ளுமுன் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். பேண்டிங் பிறந்த நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். நம் நாட்டில் அதுவே குழந்தைகள் நாளுமாகும். மருந்தில்லாமல் குழந்தைகள் மடிந்த காலம் ஒன்றிருந்தது. மருந்திருந்தும் நம் அறியாமையால் ஒரு குழந்தை மடியலாகாது.