லாரி ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் மார்க் போடுவது ஏன்? நியூட்டனோடு மோதிய ராபர்ட் ஹூக்கின் கதை!

நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகும் சாலையில், சுசீந்திரம் தாண்டி வரும் ஊர் கொட்டாரம். செங்கல், தேங்காய், வாழைக்குலை என்று லோடு ஏற்றிய வண்டிகளும், கன்னியாகுமரிக்குப் போகும் டூரிஸ்ட் பஸ்களும் ஓயாமல் ஓடுகிற ரூட் இது.

இந்த மாதிரி லோடு லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தால், கியர் பாக்ஸில் இருந்து பின் ஆக்சில் வரைக்கும் நீளமாக ஒரு இரும்புக் குழாய் போகும். அதுதான் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். அதன் முனைகளில் கூட்டல் குறி மாதிரி ஒரு கிராஸ் இருக்கும். மெக்கானிக்குகள் இதை யூ-ஜாயின்ட் என்பார்கள்.

அனுபவம் உள்ள மெக்கானிக் இந்த ஷாஃப்ட்டில் ஸ்பேனர் வைக்கும் முன்னால் ஒரு வேலை செய்வார். பெயின்ட்டாலோ சென்டர் பஞ்ச்சாலோ இரண்டு பக்கமும் சேருகிற மாதிரி ஒரு மார்க் போட்டு வைப்பார். அந்த மார்க் இல்லாமல் கழற்றி மாட்டினால், நல்லா ஓடிக்கொண்டிருந்த வண்டிகூட அதிர ஆரம்பித்துவிடும்.

ஏன் அப்படி? இதற்கான பதிலை 340 வருஷத்துக்கு முன்னாலேயே ஒருத்தர் சொல்லிவிட்டார். அப்போது லாரியும் இல்லை, இன்ஜினும் இல்லை. அவர் பெயர் ராபர்ட் ஹூக்.

யார் இந்த ராபர்ட் ஹூக்?

பள்ளிக்கூடத்தில் இந்தப் பெயரை இரண்டு இடத்தில் படித்திருப்பீங்க. உயிரியல் பாடத்தில், செல்லுக்கு அந்தப் பெயரை வைத்தவர். இயற்பியல் பாடத்தில், ஸ்பிரிங் பற்றிய ஹூக் விதி. இரண்டும் ஒரே ஆள்தான்.

1635-ம் ஆண்டு ஜூலை 18-ம் தேதி, இங்கிலாந்தின் தெற்கே உள்ள வைட் தீவில் பிறந்தார். அப்பா சர்ச்சில் பணியாற்றியவர். சின்ன வயதில் ஹூக்குக்கு அடிக்கடி உடம்பு முடியாமல் போகும். அதனால் வீட்டிலேயே பொம்மைகள், சின்னச் சின்ன இயந்திரங்கள் செய்து பொழுதைக் கழித்தார்.

ஒரு முறை பித்தளைக் கடிகாரம் ஒன்றைப் பிரித்துப் போட்ட நிலையில் பார்த்தார். உள்ளே எது எதோடு சேருகிறது என்று கவனித்து, மரத்திலேயே ஒரு கடிகாரம் செய்தார். அது ஓடவும் செய்தது.

13 வயதில் அப்பா இறந்துபோனார். லண்டனுக்கு வந்த ஹூக், பீட்டர் லீலி என்ற பிரபல ஓவியரிடம் கொஞ்ச நாள் இருந்தார். அது சரிப்பட்டு வராமல் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்து ஆக்ஸ்போர்டு. வாலிப வயதிலேயே முதுகு வளைய ஆரம்பித்து, கடைசி வரை கூனலோடுதான் வாழ்ந்தார்.

ஆக்ஸ்போர்டில் பணக்கார விஞ்ஞானி ராபர்ட் பாயிலுக்கு உதவியாளர் ஆனார். காற்றை உறிஞ்சி எடுக்கும் பம்ப் ஒன்றை அவருக்குச் செய்து கொடுத்தார். அந்தப் பம்ப்பை வைத்து நடந்த சோதனைகளின் தொடர்ச்சியாக வந்ததுதான், நாம் படிக்கிற பாயில் விதி.

எல்லா வேலைக்கும் ஒரே ஆள்

1662-ல் லண்டன் ராயல் சொசைட்டி, ஹூக்கை சோதனைகளின் பொறுப்பாளராக நியமித்தது. கூட்டத்துக்குக் கூட்டம் புதுப்புது சோதனைகளைச் செய்து காட்ட வேண்டும். சம்பளத்துக்காக அறிவியல் செய்த முதல் ஆட்களில் ஒருவர் என்று இவரைச் சொல்லலாம்.

1665-ல் மைக்ரோகிராஃபியா என்ற புத்தகம் வெளியானது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்த தெள்ளுப்பூச்சியையும் தக்கையின் நுண்ணறைகளையும் படமாக வரைந்திருந்தார். ஓவியரிடம் பழகிய கை என்பது அந்தப் படங்களில் தெரியும். செல் என்ற சொல் வந்தது இந்தப் புத்தகத்தில்தான்.

அடுத்த வருஷம் லண்டனில் பெரும் தீ. 13,000-க்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாகின. எரிந்த நகரத்தில் யாருடைய மனை எங்கே முடிகிறது என்று தெருத்தெருவாக அளந்து கொடுத்த சர்வேயர்களில் ஹூக்கும் ஒருவர். அந்தத் தீயின் நினைவாக நண்பர் கிறிஸ்டோபர் ரென்னோடு சேர்ந்து அவர் வடிவமைத்த 202 அடி உயரத் தூண், லண்டனில் இன்றும் நிற்கிறது.

ஜாயின்ட் எதற்காக வந்தது?

சூரியனைக் கண் கூசாமல் பார்ப்பதற்கான கருவிகளில் ஹூக் வேலை செய்துகொண்டிருந்தார். அதற்கு ஒரு தண்டின் சுழற்சியை, வேறு கோணத்தில் சாய்ந்திருக்கும் இன்னொரு தண்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

இரண்டு தண்டுகளின் முனையிலும் கவட்டை மாதிரி ஒரு யோக். நடுவில் இரண்டையும் பிணைக்கிற ஒரு கிராஸ். சாய்ந்தாலும் சுற்று நிற்காது. 1676-ல் வெளியான ஹீலியோஸ்கோப்ஸ் என்ற புத்தகத்தில் இதை யூனிவர்சல் ஜாயின்ட் என்று குறிப்பிட்டார். அந்தப் பெயரின் சுருக்கம்தான் பட்டறையில் சொல்கிற யூ-ஜாயின்ட்.

இந்த யோசனைக்கு ஹூக் ஒருவரே சொந்தக்காரர் இல்லை. 16-ம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயரில் இதை கார்டன் ஜாயின்ட் என்றும் சொல்வார்கள். 1664-ல் ஜெர்மனியின் காஸ்பர் ஷாட் இதைப் பற்றி எழுதியிருந்தார். ஆனால் ஒரு பக்கம் சுற்றுகிற அதே சீரான வேகத்தில் மறுபக்கமும் சுற்றும் என்று அவர் நினைத்தார். அது தப்பு. வேகம் சீராக இருக்காது என்பதைக் கண்டுபிடித்ததுதான் ஹூக்கின் சாதனை.

ஒரு ஜாயின்ட் ஏன் பத்தாது?

ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1,000 சுற்று சீராகச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜாயின்ட் 10 டிகிரி சாய்ந்திருந்தால், மறுபக்கத்தின் வேகம் 985-க்கும் 1,015-க்கும் இடையே ஏறி இறங்கும். 30 டிகிரி சாய்ந்தால் இது 866-ல் இருந்து 1,155 வரை போகும்.

இந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொரு சுற்றுக்கும் 2 முறை நடக்கும். அதாவது நிமிடத்துக்கு 2,000 முறை. சாலையில் ஓடும் வண்டியில் இதுதான் அதிர்வாகத் தெரியும்.

1683-ல் ஹூக் இதற்கு வழி சொன்னார். ஒரு ஜாயின்ட்டுக்குப் பதிலாக இரண்டு போட வேண்டும். நடு ஷாஃப்ட்டின் இரு முனையில் உள்ள யோக்குகளும் ஒரே நேராக இருக்க வேண்டும். இரண்டு பக்கக் கோணமும் சமமாக இருக்க வேண்டும். அப்போது முதல் ஜாயின்ட் கூட்டுகிற வேகத்தை இரண்டாவது ஜாயின்ட் குறைத்துவிடும். கடைசியில் சீரான சுற்று கிடைக்கும்.

லாரிக்கு இது எப்போது வந்தது?

ஆரம்பகால மோட்டார் வண்டிகள் பலவும் சைக்கிள் மாதிரி செயின் வைத்து ஓடியவை. தூசியும் சேறும் பட்டுச் செயின் தேய்ந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த கிளாரன்ஸ் ஸ்பைசர், வண்டிக்கு ஏற்ற மாதிரி யூனிவர்சல் ஜாயின்ட்டை வடிவமைத்து 1903-ல் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு ஷாஃப்ட் செயினின் இடத்தைப் பிடித்தது.

லோடு ஏறி இறங்கும்போதும், பள்ளத்தில் விழுந்து எழும்போதும் பின் ஆக்சில் மேலும் கீழும் ஆடும். ஷாஃப்ட்டின் கோணம் மாறிக்கொண்டே இருக்கும். அதைத் தாங்குவது ஜாயின்ட். நீளம் கூடிக் குறைவதைத் தாங்குவது, பற்கள் வெட்டிய ஸ்லிப் ஜாயின்ட்.

ஆக்சிலைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் ஹூக்குக்கும் தொடர்பு உண்டு. எவ்வளவு பாரமோ அந்த அளவுக்கு வளைவு என்பது 1678-ல் அவர் வெளியிட்ட விதி.

பட்டறையில் என்ன செய்கிறார்கள்?

வண்டியை எடுக்கும்போது அடியில் டொக்கென்று சத்தம் வந்தாலோ, வேகம் கூடும்போது தரை அதிர்ந்தாலோ மெக்கானிக் முதலில் பார்ப்பது இந்த ஜாயின்ட்டைத்தான்.

சமதளத்தில் நிறுத்தி, டயர்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். இது ரொம்ப முக்கியம். ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டால், கியர் போட்டிருந்தாலும் அது சக்கரத்தைப் பிடிக்காது. சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக்கும் ஷாஃப்ட் வழியாகவே வேலை செய்யும். கட்டை இல்லை என்றால், அடியில் படுத்திருப்பவர் மேலேயே வண்டி உருண்டுவிடும்.

அடுத்ததுதான் அந்த மார்க். இரு முனை ஃபிளாஞ்ச், ஸ்லிப் ஜாயின்ட் என எல்லா இடத்திலும் போட வேண்டும். ஷாஃப்ட்டுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, பின் ஆக்சில் பக்க போல்ட்டுகளைக் கழற்றுவார்கள். இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் நடுவில் சென்டர் பேரிங் இருக்கும், அதையும் கழற்ற வேண்டும். கடைசியாக கியர் பாக்ஸ் பக்கம். கனமான ஷாஃப்ட்டை ஒரு முனையில் தொங்க விடக் கூடாது.

வெளியே எடுத்த பிறகு சர்க்ளிப்பைக் கழற்றி, கப்புகளை வெளியே தள்ளி, கிராஸைப் பார்ப்பார்கள். ஊசி பேரிங் அழுத்திய தடம் கோடு கோடாக விழுந்திருந்தாலோ, துரு நிறத்தில் தூள் வந்தாலோ கிராஸை மாற்ற வேண்டியதுதான். நல்லா இருந்தால் கிரீஸ் போதும். நான்கு கப் வழியாகவும் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை அடிக்க வேண்டும். குழாயில் வெல்டு செய்திருக்கும் சின்னத் தகடு பேலன்ஸுக்காக வைத்தது. அதைத் தட்டி எடுத்துவிடக் கூடாது.

மாட்டும்போது மார்க்கோடு மார்க் சேர வேண்டும். ஸ்லிப் ஜாயின்ட்டைக் கால் சுற்று மாற்றிச் செருகிவிட்டால், இரண்டு ஜாயின்ட்டும் ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று குறைப்பதற்குப் பதில் கூட்டிவிடும். ஒரு பல் தள்ளிப் போனாலே கணக்கு பிசகும். புது கிராஸ் போட்டும் அதிர்வு நிற்கவில்லை என்றால் இதையும் ஒரு முறை பார்க்கலாம். அந்த ஒரு மார்க், 1683-ல் ஹூக் சொன்ன கணக்கைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

நியூட்டனோடு என்ன சண்டை?

கருவிக்கும் சோதனைக்கும் ஹூக்கை மிஞ்ச ஆள் குறைவு. ஆனால் ஒரு யோசனையை முடிப்பதற்குள் அடுத்ததற்குப் போய்விடுவார். வேறு யாராவது அதை முடித்தால், முதலில் சொன்னது தான்தான் என்று சண்டைக்கு நிற்பார். கடிகார ஸ்பிரிங் விஷயத்தில் நெதர்லாந்தின் ஹைகன்ஸோடு அப்படித்தான் மோதினார்.

பெரிய மோதல் நியூட்டனோடு. ஒளி பற்றிய நியூட்டனின் கட்டுரையை 1672-லேயே ஹூக் விமர்சித்திருந்தார். 1679-ல் இருவரும் கோள்களின் இயக்கம் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். தூரம் கூடக் கூட ஈர்ப்பு விசை எந்த விகிதத்தில் குறையும் என்ற யோசனையை ஹூக் சொன்னார். ஆனால் அதைக் கணிதத்தில் நிரூபிக்க அவரால் முடியவில்லை. நியூட்டன் நிரூபித்தார்.

1687-ல் நியூட்டனின் பிரின்சிபியா வெளிவந்தபோது, தனக்கும் பங்கு உண்டு என்று ஹூக் கேட்டார். கோபப்பட்ட நியூட்டன், ஹூக்கைப் பற்றிய குறிப்புகளைப் பெருமளவு நீக்கினார். அதே வருஷம் ஹூக்கின் வீட்டில் வளர்ந்த அண்ணன் மகள் கிரேஸ் இறந்துபோனார். அதன் பிறகு ஹூக் பழைய ஹூக்காக இல்லை.

படமும் இல்லை, கல்லறையும் இல்லை

1703 மார்ச் 3-ம் தேதி, தான் பல வருஷம் தங்கியிருந்த கிரெஷாம் கல்லூரி அறையிலேயே ஹூக் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் ராயல் சொசைட்டியின் தலைவரானார் நியூட்டன். ஒளி பற்றிய தன் ஆப்டிக்ஸ் புத்தகத்தை அவர் வெளியிட்டது அடுத்த ஆண்டு, 1704-ல்.

ஹூக்கின் முகம் எப்படி இருந்தது என்று இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவருடையது என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஓவியம் ஒன்றுகூட இல்லை. நியூட்டன்தான் அழித்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு, ஆனால் அதற்கு ஆதாரம் கிடையாது. புதைத்த இடத்தைக் காட்ட ஒரு கல்லறையும் இல்லை.

2006-ல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஒரு வீட்டு அலமாரியில் இருந்து, ஹூக் கைப்பட எழுதிய 500-க்கும் மேற்பட்ட பக்கங்கள் கிடைத்தன. அவர் சம்பளத்துக்கு வேலை பார்த்த அதே ராயல் சொசைட்டி, சுமார் 10 லட்சம் பவுண்டு கொடுத்து அதை வாங்கியது.

இங்கிலீஷில் அச்சடித்த இன்ஜினியரிங் புத்தகங்களில் இந்த ஜாயின்ட்டுக்கு ஹூக்ஸ் ஜாயின்ட் என்று இன்றும் பெயர் இருக்கிறது. கொட்டாரம் வழியாகப் போகும் லாரி டிரைவருக்கு அந்தப் பெயர் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. அடுத்த முறை ஷாஃப்ட்டைக் கழற்றும்போது, மெக்கானிக் மார்க் போட்டாரா என்று மட்டும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால் போதும்.