கான்ஸ்டன்ஸ் மார்க்கியேவிச்

கான்ஸ்டன்ஸ் மார்க்கியேவிச் (பெப்ரவரி 4, 1868 – ஜூலை 15, 1927) அயர்லாந்து விடுதலைப் போராளியும் அரசியல்வாதியும் ஆவார். 1918 இல் பிரித்தானிய நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் இவரே. எனினும் இவர் அங்கு பதவியேற்கவில்லை.

வாழ்க்கைக் குறிப்பு

இலண்டனில் பிறந்து, ஸ்லைகோவிலுள்ள லிசடெல் மாளிகையில் வளர்ந்தார். தந்தை பெருநிலக்கிழார். ஓவியம் பயின்ற இவர் 1900 இல் போலந்துக்காரரான காசிமிர் மார்க்கியேவிச்சை மணந்தார்.

ஹெலெனா மொலோனியுடன் நட்பு

1908 இல் அயர்லாந்தின் புதல்வியர் என்ற பெண்கள் அமைப்பில் இணைந்தார். இவரை அதற்குள் கொண்டுவந்தவர் ஹெலெனா மொலோனி (1883–1967). டப்ளின் மளிகைக் கடைக்காரர் ஒருவரின் மகளான மொலோனி, இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். இவரைவிட 15 வயது இளையவர். பின்னாளில் அபே அரங்கின் நடிகை. மொலோனி ஆசிரியராக இருந்த பெண்கள் இதழில் இவர் தோட்டக்கலைக் குறிப்புகள் எழுதினார்.

1913 இல் டப்ளின் முதலாளிகள் நடத்திய கதவடைப்பில் சுமார் 20,000 தொழிலாளர்கள் வேலையிழந்தனர். காவல்துறையினர் தேடிய தொழிற்சங்கத் தலைவர் ஜேம்ஸ் லார்க்கின் இவரது இல்லத்தில் மறைந்திருந்தார். அவருக்கு மாறுவேடம் புனைந்தவர் மொலோனி. தொழிலாளர் குடும்பங்களுக்காக லிபர்ட்டி மண்டபத்தில் நடந்த உணவுக்கூடத்தை இவர் கவனித்தார்.

1916 உயிர்த்தெழுகைக் கிளர்ச்சியில் இருவருமே தொழிலாளரின் குடிமக்கள் படையில் பங்கேற்றனர். இவர் புனித ஸ்டீபன் பூங்காவிலும் மொலோனி நகர மண்டபப் பகுதியிலும் போரிட்டனர். இருவரும் சிறைப்பட்டனர். இவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை, பெண் என்பதால் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது; 1917 இல் விடுதலையானார்.

பிற்காலம்

1919 முதல் 1922 வரை அயர்லாந்தின் தொழிலாளர் அமைச்சராக இருந்தார். மொலோனி பெண் தொழிலாளர் சங்கத்தில் தொடர்ந்து பணியாற்றினார். மாளிகையில் வளர்ந்த மார்க்கியேவிச் டப்ளின் மருத்துவமனையொன்றில், ஏழைகளுக்கான பொதுப் பிரிவில் காலமானார்.