அமைதிக்காக நடந்த அம்மையார்

வகுப்பில் எல்லாரும் கை உயர்த்தும்போது ஒருத்தி மட்டும் உயர்த்தாமல் இருப்பது எளிதன்று. நாற்பது பேர் பார்த்தாலே நமக்கு நா உலர்ந்துவிடும். ஒரு நாடே கை உயர்த்தி நின்றபோது தனியே மறுத்த பெண்மணி ஒருவரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

ஜெனட் ராங்கின் அம்மையார் 1880ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் அமெரிக்காவின் மொன்டானா பகுதியில், மிசூலா நகருக்கு அருகில் பிறந்தார். தாயார் ஆசிரியையாக இருந்தவர். வீட்டுக்கு மூத்த மகளான ஜெனட் 1902இல் உயிரியலில் பட்டம் பெற்றார். அந்நாளில் அமெரிக்கப் பெண்களில் பெரும்பாலோர்க்கு வாக்குரிமை இல்லை. அதற்காக அவர் ஊர் ஊராகச் சென்று பேசினார். 1914இல் மொன்டானாப் பெண்கள் அவ்வுரிமையைப் பெற்றனர். 1916இல் அவரே பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்கக் காங்கிரசில் இடம்பெற்ற முதல் பெண்மணி அவரே.

1917 ஏப்ரலில் பதவியேற்ற சில நாட்களிலேயே சோதனை வந்தது. முதல் உலகப் போரில் இறங்கலாமா என்று சபையில் வாக்கெடுப்பு நடந்தது. மறுத்தால் பெண்குலத்துக்கே பழி வரும் என்று வேண்டியவர்களே எச்சரித்தனர். ஆயினும் அவர் மறுத்தார். அவரோடு மறுத்தவர்கள் 49 பேர். அடுத்த தேர்தலில் செனட் சபைக்கு நின்று தோற்றார்.

1940இல் மீண்டும் வென்றார். 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய மறுநாள், போருக்கு 388 பேர் இசைந்தனர். மறுத்தவர் அவர் ஒருவரே. சீறிய கூட்டத்துக்கு அஞ்சித் தொலைபேசிக் கூண்டுக்குள் ஒதுங்க நேர்ந்தது. அவருடைய அம்முடிவு சரிதானா என்று, அவரை மதிப்போரும் இன்றளவும் ஐயுறுகின்றனர். நாமும் ஐயுறலாம். ஆனால் ஆதாயம் கருதி அவர் அதைச் செய்யவில்லை. அவரது சபை வாழ்வு அந்தப் பதவிக்காலத்தோடு முடிந்தது. பின்னர் காந்தியடிகளின் அறவழியில் ஈடுபாடு கொண்டு இந்தியாவுக்குப் பலமுறை வந்து சென்றார்.

1965இல் அமெரிக்கா வியட்நாமில் போர்ப்படைகளை இறக்கியது. 1968இல் அங்கிருந்த அமெரிக்க வீரர் தொகை 5 இலட்சத்தைக் கடந்தது. கம்யூனிசம் பரவாமல் தடுக்கவே இப்போர் என்றனர் ஒரு சாரார். அயலார் மண்ணில் நம் பிள்ளைகள் ஏன் மடியவேண்டும் என்றனர் மறுசாரார். ஒரே வீட்டில் தந்தையும் மகனும் பிணங்கினர். அவ்வேளையில்தான், 1968 ஜனவரி 15 அன்று, ஏறத்தாழ 5,000 பெண்கள் வாஷிங்டன் நகரில் அணிவகுத்தனர். அவர்களுக்கு முன்னே நடந்தவர் ராங்கின் அம்மையார். அப்போது அவருக்கு வயது 87! போரை நிறுத்தக் கோரும் மனுவைச் சபைத் தலைவரிடம் தந்தார். ஒரு காலத்தில் தனியே நின்றவருக்குப் பின்னால் இப்போது ஓர் ஊர்வலமே வந்தது.

போர் உடனே நின்றுவிடவில்லை. 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கரும் பல இலட்சம் வியட்நாமியரும் மாண்டனர். 1973 மார்ச் இறுதியில் கடைசிப் போர்ப்படையினர் நாடு திரும்பினர். அதைக் கண்ட பின்பே, அவ்வாண்டு மே 18ஆம் நாள், தம் 92ஆம் வயதில் அம்மையார் கண்மூடினார். அவர் விட்டுச்சென்ற பொருள் வயது வந்த ஏழைப் பெண்களின் கல்விக்குப் பயன்பட்டது.

பலர் சொல்வதாலேயே ஒன்று சரியாகிவிடாது. தனியே நிற்பதாலேயும் சரியாகிவிடாது. மனச்சான்றைக் கேட்டு முடிவெடுப்போம். அதற்குரிய விலையை முணுமுணுக்காமல் கொடுப்போம். இதுவே அம்மையாரிடம் நாம் கற்கும் பாடம்.