26 வயதில் மறைந்த ஏபெல்: 5-ம் படிக்கு ஏன் ஃபார்முலா இல்லை?

பல்லுறுப்புக்கோவையின் வரைபடம் எக்ஸ் அச்சைத் தொடும் இடம்தான் அதன் பூச்சியம். இருபடிக்கு ஸ்கூல்லயே ஃபார்முலா படிச்சிருப்பீங்க. 3, 4-ம் படிகளுக்கு 16-ம் நூற்றாண்டிலேயே இத்தாலியர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். 5-ம் படி வரைபடமும் எக்ஸ் அச்சை ஒருமுறையாவது வெட்டியே தீரும். ஆனா, எங்கே என்று சொல்லும் ஃபார்முலா மட்டும் சிக்கவேயில்லை.

1802-ல் நார்வேயில் பிறந்த நீல்ஸ் ஹென்ரிக் ஏபெல், மாணவராக இருந்தபோது அதைக் கண்டுபிடித்துவிட்டதாகவே நம்பினார். சரிபார்த்தபோது தப்பு தெரிந்தது. 1824-ல், கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலம் எடுத்தல் மட்டும் கொண்ட பொது ஃபார்முலா இருக்கவே முடியாது என நிரூபித்தார். சொந்தக் காசில் அச்சிட்டதால், 6 பக்கத்துக்குள் சுருக்கினார்.

நிரந்தர வேலை கிடைக்காமலேயே, 1829 ஏப்ரல் 6-ல் காசநோயால் இறந்தார். பெர்லினில் வேலை உறுதி என்ற கடிதம், 2 நாள் கழித்துத்தான் எழுதப்பட்டது.