பட்டறைக்குப் பாடஞ் சொன்ன பேராசிரியர்

தொழில்நுட்பக் கல்லூரி என்றதும் எமது கண்முன் வந்து நிற்பவை கடைசல் இயந்திரங்களும் வரைபடப் பலகைகளும் எண்ணெய்க் கறை படிந்த மேலங்கிகளுமே. இவை யாவும் அரசாங்கங்கள் தாமாக யோசித்து நிறுவியவை என்றே நம்மிற் பலர் எண்ணி வந்திருக்கிறோம். ஆனால் ஆங்கில ஆட்சியின் வழியாக இலங்கைக்கு வந்த இக்கல்வியின் வரலாற்றைப் பின்னோக்கித் தேடிச் சென்றால், அது ஸ்கொத்லாந்திலே ஒரு தகரவேலைப் பட்டறையின் வாயிலிற் போய் நிற்கின்றது. அப்பட்டறைக்குள் ஒருநாள் நுழைந்த இளைஞரே டாக்டர் ஜோர்ஜ் பேர்க்பெக்.

அவர் 1776 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 10 ஆந் திகதி, இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியிலுள்ள செற்றில் என்னுஞ் சிறு நகரிலே பிறந்தார். தந்தையார் வணிகரும் வங்கியாளருமாவர். செல்வத்துக்குக் குறைவில்லை, ஆயினும் குடும்பம் குவேக்கர் என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்தது. அரச திருச்சபையைச் சாராதார் ஒக்ஸ்போர்ட்டிற் சேரவும் முடியாது, கேம்பிறிட்ஜிற் பட்டம் பெறவும் முடியாது என்பது அக்காலச் சட்டம். ஆகவே பேர்க்பெக் எடின்பரோவுக்குச் சென்று வைத்தியம் பயின்று 1799 இல் பட்டம் பெற்றார். கல்விக் கூடத்தின் கதவு ஒருவனுக்கு ஏன் அடைபட்டிருக்கிறது என்ற கேள்வி அவருக்குப் பிறப்போடு வந்த கேள்வி என்றே நாம் கருதுகிறோம்.

அதே ஆண்டில், இருபத்து மூன்று வயதிலே, கிளாஸ்கோ நகரின் அண்டர்சன் ஸ்தாபனத்தில் இயற்கை விஞ்ஞானப் பேராசிரியரானார். அந்த ஸ்தாபனத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லல் வேண்டும். ஜோன் அண்டர்சன் என்பார் கிளாஸ்கோப் பல்கலைக்கழகப் பேராசிரியர்; வேலையுடையோடு வருவோரையும் தமது வகுப்பில் இருக்கச் செய்தவர். 1796 இல் இறக்கும்போது, பல்கலைக்கழகத்துக்கு வெளியே நிற்போருக்காக ஒரு கல்விச்சாலை அமைக்கும்படி உயிலெழுதி வைத்தார். பேர்க்பெக்கின் பெருமையைப் பேசுவோர் அண்டர்சனை மறந்துவிடுவது நியாயமன்று.

புதிய பேராசிரியருக்குப் பிரசங்க மேடையிலே காட்டுதற்குக் கருவிகள் தேவைப்பட்டன. விஞ்ஞானக் கருவி செய்வோர் அந்நகரிற் கிடைத்திலர். ஆகையால் சாதாரணப் பட்டறைகளை நாடிச் சென்று, தாமே பக்கத்தில் நின்று வேலை செய்வித்தார். ஒருநாள் சுழற்சி வேகத்தினால் நீரை மேலேற்றும் இயந்திரமொன்றின் மாதிரி அவ்வாறு உருவாகிக்கொண்டிருந்தது. அதன் கண்ணாடிப் பாகத்தைச் சுற்றித் தொழிலாளர் கூடிவிட்டனர். இது எதற்கு, நீர் ஏன் மேலே ஏறுகிறது, இந்த வளைவு எதன் பொருட்டு என்று ஒருவர் பின் ஒருவராகக் கேட்கத் தொடங்கினர். அவர்கள் கேட்ட கேள்விகளின் கூர்மை பேராசிரியரைத் திகைக்க வைத்தது. வாழ்நாள் முழுவதும் கருவிகளைச் செய்பவருக்கு, அக்கருவி இயங்குங் காரணத்தை எவருஞ் சொல்லிக் கொடுக்கவில்லையே என்ற எண்ணம் அவரை விட்டகலவில்லை. கொல்லுப் பட்டறையில் இரும்பின் செந்நிறத்தைக் கண்ணாற் பார்த்தே சூட்டை அளந்த எமதூர்ப் பெரியவர்களை அறிந்தோர்க்கு இவ்வெண்ணத்தின் பாரம் விளங்கும்.

சனிக்கிழமை மாலைகளில் தொழிலாளருக்கு இலவசமாக விஞ்ஞானப் பிரசங்கஞ் செய்யப் போவதாக அவர் அறிவித்தபோது, ஸ்தாபனத்தார் நகைத்தனர். அழைத்தால் வரமாட்டார்கள், வந்தாற் கேட்கமாட்டார்கள், கேட்டால் விளங்கிக்கொள்ள மாட்டார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. 1800 ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்திலே முதற் பிரசங்கம் நடந்தது. வந்தோர் 75 பேர். அடுத்த வாரம் 200, அதற்கடுத்து 300, நான்காம் வாரம் 500. நகைத்தவர்களின் பெயரை இன்று அறிவார் அரியர்.

1804 இல் அவர் கிளாஸ்கோவை விட்டு நீங்கி, சில நகரங்களிலே பிரசங்கஞ் செய்தபின், இலண்டனில் வைத்தியராக அமர்ந்தார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நோயாளரோடு கழிந்தன. கிளாஸ்கோ வகுப்போ நிற்கவில்லை. அன்ட்ரூ யூர் என்னும் இரசாயன அறிஞர் அதனைத் தொடர்ந்து நடத்தினார். 1823 இல் அவ்வகுப்பினர் ஸ்தாபனத்தோடு பிணங்கி வெளியேறித் தமக்கென ஒரு தொழிலாளர் கல்விக் கழகத்தை நிறுவிக்கொண்டனர். அதற்கு ஈராண்டு முன்பே எடின்பரோவிலே லெனாட் ஹோணர் என்பார் ஒரு தொழிற்கலைப் பள்ளியைத் தொடங்கியிருந்தார்.

அச்செய்திகள் இலண்டனை எட்டின. தொழிலாளர் பத்திரிகையொன்றை நடத்திய ஜோசப் ரொபேட்சன், தொமஸ் ஹொட்ஸ்கின் ஆகிய இருவரும் தலைநகரிலும் அத்தகைய கழகம் வேண்டுமென எழுதினர். பேர்க்பெக் உடனே முன்வந்தார். 1823 நவம்பர் 11 ஆந் திகதி, ஸ்ட்ராண்ட் வீதியிலிருந்த ஒரு விடுதி மண்டபத்திலே ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் கூடினர். அடுத்த மாதம் கழகம் நிறுவப்பட்டு, பேர்க்பெக் அதன் தலைவரானார்.

இங்கேதான் பெரும் பிணக்கு மூண்டது. இளைஞர்கள் இதனைச் சற்று ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கல்விக்குத் தேவையான பணத்தைத் தொழிலாளரே தம் கூலியிலிருந்து சேர்க்க வேண்டும், பிறர் பணத்தால் வருங் கல்வி பிறர் சொற்படியே நடக்கும் என்றனர் ரொபேட்சனும் ஹொட்ஸ்கினும். பிரான்சிஸ் பிளேஸ் என்பாரோ செல்வரிடம் நன்கொடை பெறாமல் கட்டடமும் கருவியும் கிடையா என்றார். பிளேஸும் தோற் காற்சட்டை தைக்கும் ஏழைத் தொழிலாளியாகத் தொடங்கித் தையற் கடை வைத்து முன்னுக்கு வந்தவரே. பேர்க்பெக் நன்கொடைப் பக்கமே நின்றார். நிருவாக சபையில் மூன்றில் இரு பங்கினர் தொழிலாளராய் இருத்தல் வேண்டுமென்ற விதியும் ஏற்கப்பட்டது. ஆயினும் ரொபேட்சன் மனக்கசப்போடு விலகிப் போனார். அவர் அஞ்சியது வீண் அச்சமென்று எம்மாற் சொல்ல முடியவில்லை.

சவுதம்ப்டன் பில்டிங்ஸ் என்ற இடத்திலே பிரசங்க மண்டபங் கட்டுதற்குப் பேர்க்பெக் தமது சொந்தப் பணத்தில் மூவாயிரம் பவுணுக்கு மேல் கடனாகக் கொடுத்தார். 1825 ஜூலையில் மண்டபந் திறக்கப்பட்டது. படித்த தொழிலாளி கலகக்காரனாவான் என்று பழைமைவாதிகள் எச்சரித்துக்கொண்டே இருந்தனர். மறு ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியை நிறுவியோரிலும் பேர்க்பெக் ஒருவரானார். சமயச் சோதனையின்றி எவரையும் ஏற்ற கல்லூரி அது. 1830 இல் அவரது கழகம் பெண்களையும் மாணவராகச் சேர்த்துக்கொண்டது. பத்திரிகைகளைச் சாமானியர் வாங்க முடியாதபடி செய்த முத்திரை வரியை எதிர்த்தும் அவர் உழைத்தார். 1836 இல் அவ்வரி குறைக்கப்பட்டது.

1841 டிசம்பர் 1 ஆந் திகதி அவர் இலண்டனிற் காலமானார். தலைமைப் பதவியை மகனார் ஏற்றார்.

அவர் இறக்கும் முன்பே ஒரு வருத்தமான மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. இத்தகைய கழகங்கள் நாடெங்கும் பெருகி, 1850 அளவில் பிரித்தானியாவில் அறுநூற்றுக்கு மேற்பட்டன. ஆனால் அவற்றின் ஆசனங்களிலே பட்டறைத் தொழிலாளர் குறைந்து, எழுதுவினைஞரும் கடைச் சிப்பந்திகளும் நிறைந்தனர். பன்னிரண்டு மணி நேரம் சம்மட்டி பிடித்தவன் மாலையில் விழித்திருப்பதே அரிது. எழுத்து வாசனை இல்லாதவனுக்கு இரசாயனப் பிரசங்கத்தால் ஆவதென்ன? ஆரம்பக் கல்வியாகிய அத்திவாரம் இல்லாமலே மேன்மாடம் கட்டப்பட்டது. பேர்க்பெக்கின் பெருமுயற்சியிலே நாம் காணுங் குறை இதுவே. சிறுவர் யாவருக்கும் பள்ளி அமைக்குஞ் சட்டம் இங்கிலாந்தில் 1870 இலேயே வந்தது.

அதன்பின் காரியங்கள் விரைந்தன. 1867 இல் பாரிஸிலே நடந்த கண்காட்சியிற் பிற நாட்டுப் பொருட்கள் தமது பொருட்களை விஞ்சக் கண்டு ஆங்கிலேயர் கலங்கினர். 1878 இல் இலண்டனின் வணிகச் சங்கங்கள் சேர்ந்து, சிற்றி அன்ட் கில்ட்ஸ் என்னும் தொழிற்கல்வி நிறுவனத்தை அமைத்தன. 1889 இல் தொழில்நுட்பக் கல்விச் சட்டம் வந்தது. மறு ஆண்டில் நடந்ததோ வேடிக்கை. சாராயக் கடைகள் சிலவற்றை மூடி, கடைக்காரருக்கு நட்டஈடு கொடுப்பதற்கென்று மதுவின்மேல் வரி விதிக்கப்பட்டது. அத்திட்டத்துக்கு எதிர்ப்புக் கிளம்பவே, சேர்ந்த பணம் உள்ளூர்ச் சபைகளிடம் போய்த் தொழில்நுட்பக் கல்விக்குப் பயன்பட்டது. குடிப்போர் கொடுத்த காசினால் எழுந்த ஆய்வுகூடங்கள் பல.

மஞ்செஸ்டரில் 1824 இல் தொடங்கிய தொழிலாளர் கழகம் 1883 இல் தொழில்நுட்பப் பாடசாலையாகிப் பின்னர் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. ஹோணரின் எடின்பரோப் பள்ளி இன்று ஹெரியட்-வாட் பல்கலைக்கழகம். அண்டர்சன் ஸ்தாபனம் 1964 இல் ஸ்ட்ரத்கிளைட் பல்கலைக்கழகமாயிற்று. அந்த அலையின் ஒரு துளி கொழும்புக்கும் வந்தது: மருதானையிலே 1893 இல் அரசாங்கத் தொழில்நுட்பப் பாடசாலை திறக்கப்பட்டது.

பேர்க்பெக்கின் இலண்டன் கழகம் 1907 இல் அவர் பெயராலே பேர்க்பெக் கல்லூரி ஆகி, 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. பகலில் உழைப்போர் படிப்பதற்கென்று, அதன் வகுப்புகள் இன்றும் பெரும்பாலும் மாலை ஆறு மணிக்கே ஆரம்பமாகின்றன.